ரெஸ்ட் டேயில் உடம்பு பார்க்கும் வேலை

வெளிநாட்டுச் சைக்கிள் பந்தயத்துக்குப் போகும் பயணத் திட்டம் பேச உட்காரும்போதெல்லாம் இந்தப் பேச்சு வந்துவிடும். “புதன்கிழமை சின்ன ரேஸ், சனிக்கிழமை பெரிய ரேஸ். நடுவுல ரெண்டு நாள் சும்மாதானே இருக்கப்போறோம், அந்தப் பக்கம் ஏதாவது சுத்திப் பார்த்துட்டு வந்துடலாம்” என்பார் ஒருவர். “ரெஸ்ட் டேன்னா ரெஸ்ட்தான். கட்டிலை விட்டு இறங்கவே கூடாது” என்பார் இன்னொருவர். நாலு விஷயம் படித்த மூன்றாமவர் ஒருவர் கட்டாயம் இருப்பார்: “லேசா ஓட்டி, கால்ல தேங்கியிருக்கிற லாக்டிக் ஆசிட்டை வெளியேத்தணும்.” முதல் இரண்டு பேர் சொல்வதும் தப்பு. மூன்றாமவர் சொல்லும் வேலை சரி, காரணம் தப்பு.

விசா, டிக்கெட், சைக்கிள் பெட்டிக்குத் தனிக் கட்டணம் என்று லட்சக்கணக்கில் செலவழித்து, எட்டு மாதம் விடிகாலையில் எழுந்து பயிற்சி எடுத்துவிட்டு, பந்தயத்துக்கு முந்தின இரண்டு நாளில் கோட்டை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு தடவை விட்டிருக்கிறேன். அந்த இரண்டு நாளில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். இதைப் புரிந்துகொள்ள மருத்துவப் படிப்பு எதுவும் வேண்டாம். மளிகைக் கடைக் கணக்கு போடத் தெரிந்தால் போதும்.

எந்த ஊர், எந்த மலை

பேசுவதற்கு ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்வோம். பிரான்ஸில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே பூர் துவாசான் என்று ஒரு சிற்றூர். கடல் மட்டத்திலிருந்து 720 மீட்டர் உயரம். ஊரை விட்டு வெளியே வந்தவுடனே ஆல்ப் துவேஸ் ஏற்றம் தொடங்கிவிடும்: 21 கொண்டை ஊசி வளைவுகள், 13.8 கிலோமீட்டர், செங்குத்தாக ஏறுவது ஏறத்தாழ 1,100 மீட்டர். இந்த ஊரிலிருந்துதான் 1982 முதல் ‘லா மார்மோத்’ என்ற பந்தயம் கிளம்புகிறது. தொழில்முறை வீரர்களுக்கானது இல்லை. ஆபீஸ் போகிறவர்களும் கடை வைத்திருப்பவர்களும் பணம் கட்டி ஓட்டுவது. கிளாந்தோன், டெலிகிராஃப், 2,642 மீட்டர் உயரத்தில் இருக்கும் கலிபியே என்று மூன்று கணவாய்களைக் கடந்து, கடைசியில் ஆல்ப் துவேஸ் உச்சியில் முடியும். மொத்தம் 174 கிலோமீட்டர், 5,000 மீட்டர் ஏற்றம். ஊட்டியை இரண்டு தடவை அடிவாரத்திலிருந்து ஏறி, மூன்றாவது தடவையும் முக்கால்வாசி ஏறுவதற்குச் சமம்.

அதே வாரத்தில் அந்த வட்டாரத்தில் சின்ன மலையேற்றப் பந்தயங்களும் நடப்பதுண்டு. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, அதையும் ஓட்டிவிடுவோம் என்று பெயர் கொடுத்துவிடுவோம். அப்படித்தான் இரண்டு பந்தயங்களுக்கு நடுவே ரெஸ்ட் டே என்ற ஒன்று முளைக்கிறது.

பந்தயத்தோடு சேர்ந்தே பிறந்த ஓய்வு

ரெஸ்ட் டே சொகுசானவர்களின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. 1903-இல் நடந்த முதல் டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைப் பாருங்கள். ஜூலை 1-ஆம் தேதி பாரிஸ் அருகிலிருந்து லியோன் வரை முதல் கட்டம், 467 கிலோமீட்டர். ராத்திரி முழுக்க ஓட்டினார்கள். அடுத்த கட்டம் தொடங்கியது ஜூலை 5-ஆம் தேதி. மொத்தமே 6 கட்டங்கள்தான். அவற்றை 19 நாளில் பரப்பி வைத்திருந்தார்கள். இன்றைய டூரில் 21 கட்டங்கள், 23 நாட்கள். ஓய்வுக்கு இரண்டே நாள். அந்த இரண்டு நாளிலும் வீரர்கள் ஒன்றிரண்டு மணி நேரம் சைக்கிள் ஓட்டத்தான் செய்கிறார்கள்.

அமெச்சூர் பந்தயங்களில் இந்தச் சலுகையும் பல சமயம் கிடையாது. 2011-இல் ஜெனீவாவிலிருந்து நீஸ் நகரம் வரை ஏழு நாள் பந்தயமாகத் தொடங்கிய ஓத் ரூத்தில் ரெஸ்ட் டேக்குப் பதிலாக, நடுவில் ஒரு நாளைக் குட்டியான டைம் ட்ரையலாக வைப்பது வழக்கம். டைம் ட்ரையல் என்றால் ஒவ்வொருவராகக் கிளம்பி, தனியாக, கடிகாரத்தோடு போட்டி போடுவது. காலையில் ஒரு மணி நேரம் மூச்சு முட்ட ஓட்டிவிட்டால் அன்றைய மீதி நாள் நம்முடையது. அந்த மீதி நாளில் என்ன செய்கிறோம் என்பதில்தான் மறுநாள் அடங்கியிருக்கிறது.

அண்ணாச்சி கடை நோட்டு

ரெஸ்ட் டேயில் புது பலம் எதுவும் வராது. இதை முதலில் மனசில் போட்டுக்கொள்ள வேண்டும். இன்று மலையேறிப் பழகியதன் பலனை உடம்பு காட்டுவதற்கு ஏறக்குறைய 10 நாள், இரண்டு வாரம் ஆகும். சனிக்கிழமை பந்தயத்துக்கு வியாழக்கிழமை எடுக்கும் கடும் பயிற்சியால் அசதிதான் மிஞ்சும்.

பிறகு ரெஸ்ட் டே எதற்கு? அண்ணாச்சி கடையில் மாதம் முழுக்கக் கணக்கில் வாங்குவோம் இல்லையா, அந்த நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை பந்தயத்தில் உடம்பு பல பேரிடம் கடன் வாங்கியிருக்கிறது: எரிபொருள், தண்ணீரும் உப்பும், தசை நார்கள், தூக்கம். நோட்டில் பாக்கி நிற்கிறவரை அடுத்த சரக்கு வராது. ரெஸ்ட் டே என்பது பாக்கியைத் தீர்க்கிற நாள். அதாவது உடம்புக்கு அது வேலை நாள். நமக்குத்தான் ஓய்வு.

சம்பும் மேல் தொட்டியும்

முதல் கடன், பெரிய கடன், எரிபொருள். நம் வீடுகளில் தரைக்குக் கீழே ஒரு சம்பு, மொட்டை மாடியில் ஒரு தொட்டி இருக்கும். உடம்பிலும் அப்படித்தான். கொழுப்பு என்பது சம்பு. ஒல்லியான ஆளிடம்கூட நாள் கணக்கில் ஓட்டுவதற்கான கொழுப்பு உண்டு. ஆனால் அதை மேலே ஏற்றும் மோட்டார் சின்னது. சாவகாசமாக ஓட்டும்போது தாக்குப்பிடிக்கும். மலையில் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் மோட்டார் திணறும். அப்போது தண்ணீர் மேல் தொட்டியிலிருந்துதான் வரவேண்டும்.

அந்த மேல் தொட்டிதான் கிளைகோஜன். சோறு, ரொட்டி, பாஸ்தா, சர்க்கரை ஆகியவற்றில் இருக்கும் மாவுச்சத்தை உடம்பு சங்கிலி சங்கிலியாகக் கோத்துச் சேமித்து வைக்கும் வடிவம் இது. பயிற்சி எடுத்த ஒருவருடைய தசைகளில் 400 முதல் 500 கிராம், கல்லீரலில் 80 முதல் 100 கிராம் இருக்கலாம். எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 2,000 கலோரி. மலையில் அழுத்தி ஓட்டினால் மணிக்கு 700, 800 கலோரி செலவாகும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். பந்தயத்தில் வழியெல்லாம் தின்றுகொண்டே போவது இதனால்தான். அப்படித் தின்றாலும் முடிவில் தொட்டி அடியைத் தொட்டிருக்கும்.

இதில் இன்னொரு சங்கதி. தொடையில் சேர்த்த கிளைகோஜன் தொடைக்கு மட்டும்தான். கை கடன் கேட்டால்கூடக் கொடுக்காது. வெளியே பங்கு போடுவது கல்லீரல் தொட்டி ஒன்றுதான். மூளைக்கும் அங்கிருந்தே போகிறது. ஏற்றத்தில் திடீரென்று கண் இருட்டி, எரிச்சல் வந்து, “இதெல்லாம் நமக்கு எதுக்கு” என்று சைக்கிளை ஓரம் கட்டத் தோன்றும் அந்தக் கணம் இருக்கிறதே, பல சமயம் அது மனத்தளர்ச்சியே இல்லை. கல்லீரல் தொட்டி வறண்ட சத்தம்.

காலியான தொட்டி நிரம்ப, நன்றாகச் சாப்பிட்டாலும், ஒரு முழு நாள் ஆகும். சாப்பாடு போதாவிட்டால் இரண்டு நாளிலும் நிரம்பாது. பந்தயம் முடிந்த முதல் இரண்டு மணி நேரத்தில் மட்டும் தசையின் கதவுகள் அகலத் திறந்திருக்கும். சர்க்கரை வேகமாக உள்ளே போகும். ஆகவே ரெஸ்ட் டே என்பது மறுநாள் காலையில் தொடங்குவதில்லை. முடிவுக்கோட்டைத் தாண்டி, நம்பர் ஒட்டிய சட்டையோடு நிற்கும்போதே தொடங்கிவிடுகிறது.

இன்னைக்குத்தான் ஓட்டலையே!

ரெஸ்ட் டேயில் நடக்கும் ஆகப் பெரிய தவறு இதுதான்: “இன்னைக்கு ஓட்டலையே, எதுக்குச் சாப்பிடணும்?” நம்மவர்களுக்கு, குறிப்பாக எடை குறைப்பதற்காகச் சைக்கிள் பக்கம் வந்தவர்களுக்கு, இது ஊறிப்போன எண்ணம். வேலை செய்தவனுக்குத்தான் சோறு என்று வளர்ந்திருக்கிறோம். நேற்று செய்த வேலைக்கு இன்றைக்குத்தான் கூலி கொடுக்கிறோம் என்பது மறந்துவிடுகிறது.

எவ்வளவு சாப்பிட வேண்டும்? இரண்டு கடினமான பந்தயங்களுக்கு நடுவே என்றால், ஒரு கிலோ உடல் எடைக்கு 7, 8 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்ளலாம். 70 கிலோ ஆளுக்கு 500 முதல் 550 கிராம். சோற்றில் மட்டும் இதை எடுப்பதென்றால் வடித்த சோறு 2 கிலோ ஆகிவிடும். ஒரே வேளையில் யாராலும் முடியாது. காலையிலிருந்து பிரித்துப் பிரித்துத்தான். பிரான்ஸில் தெருவுக்குத் தெரு கிடைக்கும் பாகெத் என்ற நீள ரொட்டி ஒன்றின் எடை கால் கிலோ. அதில் 130, 140 கிராம் மாவுச்சத்து இருக்கும். நாலு பாகெத் தின்றால் கணக்கு நேராகும். அதற்கு வாய் வலிக்கும் என்பது வேறு விஷயம்.

அந்த ஊரின் பிரசித்தமான பதார்த்தம் கிராத்தான் தோஃபினுவா. மெல்லிசாகச் சீவிய உருளைக்கிழங்கைப் பாலிலும் க்ரீமிலும் போட்டு அடுப்பில் வேகவைப்பது. சாப்பிட அமிர்தம். ஆனால் கொழுப்பு வயிற்றை அடைத்துக்கொள்ளும். மாவுச்சத்துக்கு இடம் இருக்காது. அதை பந்தயம் முடிந்த ராத்திரிக்கு வைத்துக்கொள்வதே நல்லது. எனக்குத் தெரிந்து இரண்டு பேர் சைக்கிள் பெட்டிக்குள் குட்டி ரைஸ் குக்கரை வைத்து எடுத்துப் போகிறார்கள். குழுவில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள். ரெஸ்ட் டே மதியம் ஒரு மணிக்கு, தயிர் சாதமும் மாவடுவும் தட்டில் விழும்போது அதே கூட்டம் வரிசையில் நிற்கும். ஜீரணமாகிற மாவுச்சத்து, தண்ணீர், உப்பு, தயிரிலிருந்து கொஞ்சம் புரதம் எல்லாம் ஒரே தட்டில் இருப்பதால், எந்த விளம்பரப் பொடிக்கும் அது குறைந்தது இல்லை.

சாப்பிட்டால் எடை கூடும்தான். பயப்பட வேண்டாம். ஒரு கிராம் கிளைகோஜன் தன்னோடு ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரையும் பிடித்துவைக்கும். தொட்டி நிரம்பினால் தராசு ஒன்றரை, இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்ப்பவர்கள், டேங்க் நிரம்பியதால் வண்டி கனக்கிறது என்று பெட்ரோலைக் கீழே ஊற்றுகிறார்கள்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: மலைக்கு வேண்டிய எரிபொருள் சின்னத் தொட்டியில் இருக்கிறது. அது நிரம்ப ஒரு நாள் பிடிக்கும், வயிறு நிறைய மாவுச்சத்து வேண்டும். கூடுகிற எடை பெரும்பாலும் தண்ணீர்.

பழனிப் படியும் லாக்டிக் ஆசிட்டும்

அடுத்தது தசை. பழனி மலைக்குப் படியேறிப் போய்வந்தவர்களுக்கு இது தெரியும். ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் மறுநாள் தொடையைப் பிடித்துக்கொண்டு முனகுவது, இறங்கியதற்காக. ஏறும்போது தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறங்கும்போது, விழாமல் இருக்க, நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. இப்படி நீளும் நிலையில் பாரம் தாங்கும்போதுதான் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. அங்கே வீக்கம் வந்து, ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் வலி உச்சத்துக்குப் போகிறது.

சைக்கிள் மிதிப்பது கிட்டத்தட்ட முழுக்கச் சுருங்கும் வேலை. மாரத்தான் ஓடியவர் மறுநாள் படி இறங்க முடியாமல் தவிப்பார். அவ்வளவு நேரம் சைக்கிள் ஓட்டியவர் களைத்திருப்பார், ஆனால் நடந்து போய் டீ குடித்துவிட்டு வருவார். இதை வைத்துத்தான் நான் கோட்டை விட்ட கதை.

புதன்கிழமை ஓட்டியாயிற்று. வியாழக்கிழமை கால் நன்றாகவே இருந்தது. வானம் நீலமாக, எதிரே பனி மூடிய சிகரம். கேபிள் காரில் மேலே போய், “இறங்குறதுதானே, என்ன கஷ்டம்” என்று ஒற்றையடிப் பாதையில் மூன்று மணி நேரம் நடந்து இறங்கினோம். அன்று ராத்திரிகூட ஒன்றும் தெரியவில்லை. சனிக்கிழமை, கடைசி ஏற்றம். ஆல்ப் துவேஸின் வளைவுகளுக்குக் கீழிருந்து மேலாக 21, 20, 19 என்று தலைகீழாக எண் போட்டிருப்பார்கள். ஆரம்பத்து இரண்டு கிலோமீட்டர்தான் இருப்பதிலேயே செங்குத்து. 21-ஆம் எண் பலகையைத் தாண்டுவதற்குள் இரண்டு தொடையும் கட்டையாகிவிட்டன. மீதி 20 பலகைகளையும் நிதானமாகப் படித்துக்கொண்டே போனேன்.

இனி லாக்டிக் ஆசிட். விறகடுப்பில் தீ மூர்க்கமாக எரியும்போது எல்லா விறகும் சாம்பலாவதில்லை. பாதி எரிந்து கரியாக நிற்கும். கரி என்பது குப்பையா? அதைப் பொறுக்கி வைத்து மறுபடி எரிப்பார்கள். உடம்பில் அந்தக் கரிதான் லாக்டேட், நாம் லாக்டிக் ஆசிட் என்று சொல்வது: அவசரத்தில் பாதி மட்டும் எரிந்த சர்க்கரை. இதயமும் மற்ற தசைகளும் அதை எடுத்து எரித்துக்கொள்ளும்; மிச்சத்தைக் கல்லீரல் மீண்டும் சர்க்கரையாக்கும். பந்தயம் முடிந்து ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் அதற்குக் கொஞ்சம் மேல் ஆகும்போது, இரத்தத்தில் அது பழைய அளவுக்கு வந்துவிடும். மறுநாள் காலையில் வெளியேற்றுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. மசாஜ் செய்கிறவர் “ஆசிட்டை உருவி எடுக்கிறேன்” என்றால் சிரித்துவைக்கலாம். மசாஜ் வேண்டாம் என்று சொல்லவில்லை. வலி மட்டுப்பட்ட உணர்வு வரும், ஒரு மணி நேரம் சும்மா படுத்திருப்போம், அதுவே லாபம்.

பிறகு எதற்கு லேசாக ஓட்டுவது?

கட்டிலை விட்டு இறங்காதவர் மறுநாள் முதல் ஏற்றத்தில் “கால் அடைச்சுக்கிச்சு” என்பார். நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் சுற்றிப் பழகிய கால், ஒரு நாள் முழுக்க அசையாமல் கிடந்தால் விறைப்பாகிவிடும். தண்ணீர் பிடித்துக்கொண்டு நிரம்பிய தசை கனமாகவும் தெரியும். லேசாக ஓட்டினால் இரத்த ஓட்டம் கூடும், விறைப்பு இளகும், முக்கியமாகப் பசி எடுக்கும். மேலே சொன்ன 2 கிலோ சோற்றுக்கு அந்தப் பசி வேண்டும்.

‘லேசாக’ என்பதற்கு அளவு உண்டு. 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம், சமதரையில், சின்ன கியரில். பக்கத்தில் வருகிறவரிடம் மாமியார் வீட்டுக் கதையை மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டே வர முடிய வேண்டும். வாக்கியம் நடுவில் வெட்டுப்பட்டால் வேகம் அதிகம். யாராவது முந்திப் போவார்கள். போகட்டும். அவருக்கு நாளைக்குப் பந்தயம் இருக்காது, அல்லது நாளைக்கு நீங்கள் அவரை முந்துவீர்கள்.

ஆல்ப்ஸ் நடுவில் சமதரைக்கு எங்கே போவது என்று கேட்கலாம். பூர் துவாசான் பள்ளத்தாக்கின் தரை பலகை மாதிரி தட்டை. காரணம் சுவாரசியமானது: 1191-இல் மலை சரிந்து ஆற்றை அடைத்ததில் அங்கே ஒரு பெரிய ஏரி உண்டாகி, 1219 செப்டம்பரில் உடைந்து, கீழே கிரெனோபிள் நகரத்தையே வெள்ளத்தில் மூழ்கடித்தது. அந்த ஏரிப் படுகையில்தான் இப்போது லேசாக ஓட்டுகிறோம். பெரும்பாலோர் செய்யும் பிழை, காட்சி நன்றாக இருக்கிறது என்று ஆல்ப் துவேஸ் உச்சியில், 1,860 மீட்டரில், அறை எடுப்பது. அங்கே தங்கினால் ‘ஒரு மணி நேர லேசான சவாரி’ எங்கே போனாலும் 21 வளைவுகளில்தான் முடியும்.

ரெஸ்ட் டே இரண்டு நாளாக இருந்தால் முதல் நாளை அதிக ஓய்வாகவும் இரண்டாம் நாளைக் கொஞ்சம் விறுவிறுப்பாகவும் வைப்பது பந்தயக்காரர்களின் பழக்கம். இரண்டாம் நாள் லேசான சவாரிக்கு நடுவே ஒவ்வொரு நிமிடமாக மூன்று நான்கு தடவை அழுத்தி ஓட்டுவார்கள். இதற்கு ஓப்பனர் என்று பெயர். மழைக்காலத்தில் நாலு நாள் நின்ற வண்டியை முந்தின நாளே ஒரு தடவை கிளப்பிப் பார்ப்பது போலத்தான். கால் விழிக்கும், கியர் குதிக்கிறதா, பிரேக் கத்துகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு மயக்கம் வரும். பல நாள் தொடர்ந்து ஓட்டிய பிறகு இதயத் துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறாது. “நேத்து 165 போச்சு, இன்னைக்கு அதே வேகத்துல 150தான், ஃபிட்னஸ் ஏறிடுச்சு!” என்று குதிப்பார்கள். பல சமயம் அது களைப்பின் அடையாளம். துடிப்பு குறைவாகவும் கால் கனமாகவும் ஒரே நேரத்தில் இருந்தால், காலை நம்புங்கள்.

ஒன்பது மணிக்கும் மறையாத சூரியன்

தூக்கம் என்ற கடனை நாம் நாட்டை விட்டுக் கிளம்பும்போதே வாங்கிவிடுகிறோம். விமானத்தில் ஓர் இரவு போச்சு. கோடையில் பிரான்ஸ் நேரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும், ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். மேற்கே போவது கிழக்கே போவதைவிடச் சுலபம் என்றாலும், முதல் மூன்று நாள் விடிகாலை மூன்று மணிக்கு முழிப்பு தட்டும். நம் ஊரில் அப்போது மணி ஆறரை. டீ குடிக்கும் நேரம்.

மாலையில் தலைகீழ்ச் சிக்கல். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய ஒன்பதரை ஆகிவிடும், பத்து மணிக்கும் வெளிச்சம் மிச்சம் இருக்கும். வெளிச்சம் இருக்கும்வரை வெளியே உட்கார்ந்து பேசத் தோன்றும். லா மார்மோத் போன்ற பந்தயத்துக்கு நாலரை, ஐந்து மணிக்கு எழ வேண்டும். தசையைச் சரிசெய்யும் வேலைக்குக் கைகொடுப்பது இரவின் முதல் பாதியில் வரும் ஆழ்ந்த தூக்கம். அப்போதுதான் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. ஜன்னல் திரையை இழுத்து மூடி, கண்ணுக்குத் துணி கட்டிக்கொண்டாவது படுத்துவிட வேண்டும். பகலில் தூக்கம் வந்தால் அரை மணி நேரம் போதும். நாலு மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழுந்தால் ராத்திரி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சுருக்கமாக, மாவுச்சத்து தொட்டியை நிரப்புகிறது, தூக்கம் கிழிசலைத் தைக்கிறது, லேசான சவாரி இரண்டுக்கும் துணை நிற்கிறது.

நாளைத் தின்னும் சில்லறை வேலைகள்

தொழில்முறை வீரருக்கும் நமக்கும் உள்ள பெரிய வித்தியாசம் கால் பலத்தில் மட்டும் இல்லை. அவருக்குச் சமைக்க ஆள், சைக்கிள் துடைக்க ஆள், துணி துவைக்க ஆள். நமக்கு எல்லாம் நாமே. துணியைத் துவைத்தே ஆக வேண்டும். அழுக்கு ஷார்ட்ஸோடு மறுபடி ஏறினால் உட்காரும் இடத்தில் கொப்புளம் வரும். சங்கிலியைத் துடைக்க வேண்டும். இறக்கங்களில் பிரேக் பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கடைக்குப் போக வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றால், ஊரே மதியச் சாப்பாட்டுக்கு மூடியிருக்கும். இரண்டு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். ராத்திரி ஓட்டலில் ஏழு மணிக்கு முன்னால் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். ஒவ்வொன்றும் அரை மணி நேர வேலைதான். சேர்த்துப் பார்த்தால் நாள் முழுக்க நின்றிருப்போம்.

ஆகையால் அனுபவசாலிகள் இந்த வேலைகளை ரெஸ்ட் டேக்கு விடுவதில்லை. பந்தயம் முடிந்த மாலையே, உடம்பு சூடு ஆறுவதற்குள், துணியைக் குளியலறையில் மிதித்து அலசிக் காயப்போட்டுவிடுவார்கள். ரொட்டி, பழம், பால் எல்லாம் முதல் நாளே வந்திருக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதில் கொஞ்சம் கிறுக்குப் பிடித்தவர்களாகக்கூடத் தெரிவார்கள். ஊருக்குள் நூற்றுக்கணக்கில் களைத்த மனிதர்கள் கூடியிருக்கிறார்கள். ஒரு சளி போதும், எட்டு மாத உழைப்பைத் தின்றுவிடும்.

ஊர் சுற்றவே கூடாதா? பந்தயம் முடிந்த பிறகு திரும்பும் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். கலிபியே எங்கேயும் ஓடிவிடாது.

போன தடவை ரெஸ்ட் டேயில் நாங்கள் நாலு பேர் இருந்த அறை இப்படி இருந்தது. காலை எட்டரைக்கு ரொட்டி, ஜாம், வாழைப்பழம், முட்டை. பத்து மணிக்கு ஏரிப் படுகையில் ஐம்பது நிமிடம். மதியம் குக்கர் சோறு. அப்புறம் காலைச் சுவரில் தூக்கிச் சாத்திக்கொண்டு படுத்தபடி ஆளுக்கொரு செல்போன். நாலு மணிக்கு ஒருவர் எழுந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்து, “மழை வரும்போல இருக்கே” என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. ஆறு மணிக்குச் சட்டையில் நம்பரைப் பின் குத்தினோம், ஏழு மணிக்கு மறுபடி சாப்பிட்டோம். ஒன்பதுக்குத் திரையை இழுத்து மூடும்போது எதிர் மலையின் நெற்றியில் இன்னும் வெயில் இருந்தது. “இதுக்கா இவ்வளவு செலவு பண்ணி வந்தோம்?” என்றார் அந்த நண்பர், போர்வைக்குள் இருந்து. சிரித்து முடிப்பதற்குள் தூங்கிவிட்டார்.